கடைசியில் நிற்பவள் கடலைப் பார்க்கலாம்

1

போன வாரம் ஒரு சாயங்காலம் என் மகள் யாழினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் புரோகிராமிங் வீட்டுப்பாடம். தாறுமாறாகக் கிடக்கும் எண்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த வேண்டுமாம். இதுதானே நம்ம பிழைப்பு, பன்னிரண்டு வருஷமாக இந்த ஜெர்மன் ஊரில் இந்த மாதிரி எழுதித்தானே சோறு தின்கிறோம் என்று ஆசையாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, நீங்க சொல்லாதீங்க. அது ஏமாத்தறது."

"பெத்த அப்பன் சொல்லிக் குடுத்தா ஏமாத்தறதா?"

"நானேதான் செய்யணும். ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க."

இதைப் பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் சொன்னாள். அவளுடைய வாக்கியங்கள் இப்போதெல்லாம் தமிழில் கிளம்பி நடுவழியில் கட்சி மாறிவிடுகின்றன. என் மனைவி சுமதி திருத்துவாள். எனக்குத் திருத்தத் தெம்பில்லை, பேசுகிறாளே என்று விட்டுவிடுவேன்.

நாற்காலியோடு பின்வாங்கினேன். ஆனால் திரையில் ஒரு பழைய புரோகிராமிங் ஃபோரத்தின் பக்கம் திறந்திருந்தது தெரிந்தது. "அப்போ இது மட்டும் என்னவாம்?" என்றேன். "இது விடை இல்லப்பா, விளக்கம். இதைப் படிச்சப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது" என்று எனக்காக அதை மொழிபெயர்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

ஆங்கிலத்தில் இருந்தது கிட்டத்தட்ட இதுதான். காலையில் பிரேயருக்கு மாணவிகளை உயரப்படி நிற்க வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் முன்னாலிருந்து வருவார். மொத்த வரிசையையும் பார்க்க மாட்டார், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரை மட்டும் பார்ப்பார். முன்னால் நிற்பவள் உயரமாக இருந்தால் இரண்டு பேரையும் இடம் மாற்றுவார். அப்புறம் அடுத்த இரண்டு பேர். இப்படியே வரிசையின் முடிவுக்கு வரும்போது எல்லாரையும்விட உயரமானவள் தானாகக் கடைசியில் வந்து நின்றிருப்பாள். இனிமேல் அவளை யாரும் அசைக்க வேண்டாம். அவள் கடலைப் பார்க்கலாம். டீச்சர் மறுபடி முன்னாலிருந்து தொடங்கட்டும்.

"இந்தியாவுல நிஜமாவே உயரப்படி நிக்க வைப்பாங்களா? எதுக்கு?"

"பின்னாடி நிக்கறவங்களுக்கு மறைக்கக் கூடாதுல்ல."

"கடல் எதுக்கு நடுவுல வருது?"

பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தின் மேலே போய்ப் பார்த்தாள்.

"யாருப்பா இது? பேரே காணோம். வெறும் கெஸ்ட்னு போட்டிருக்கு. நான் நன்றி எழுதணும்."

யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை அங்கிருந்து எடுக்க வைத்தவனே நான்தான். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

2

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாடு வந்தவனுக்கு முதலில் பறிபோவது அதுதான். தொண்ணூற்றேழில் இங்கே வந்தேன். பாஸ்போர்ட்டில் என் பெயர் தணிகாசலம், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எங்கப்பா முனுசாமி. வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஹெர் முனுசாமி!" என்று திரு போட்டு ஜெர்மனில் கூப்பிட்டார்கள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மதுராந்தகத்தை விட்டால் செங்கல்பட்டு, செங்கல்பட்டை விட்டால் மதுராந்தகம் என்று வாழ்ந்த மனுஷன் எங்கப்பா. அவரை எதற்கு இங்கே கூப்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

விசா புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அங்கே இருக்கும் அதிகாரி அம்மாவுக்கு இனிஷியல் என்றால் என்ன என்று பாடம் எடுப்பேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "புரிகிறது, ஹெர் முனுசாமி" என்பார். சுமதிக்கும் யாழினிக்கும் குடும்பப் பெயர் தணிகாசலம். பாலர் பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிவரப் போனால், முனுசாமியாகிய நீங்கள் இந்தக் குழந்தைக்கு யார் என்று ஒரு தடவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் விட்டார்கள்.

பகலெல்லாம் இப்படி அப்பா பெயரில் வாழ்ந்துவிட்டு, சாயங்காலம் அந்த ஃபோரத்துக்குப் போய் உட்காருவேன். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சுத்தியல் என்று ஒருவன், ராத்திரிப்பூனை என்று ஒருவன். நான் பாலாறு. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ யாரோ புரோகிராம் ஓடவில்லை என்று அழுவார்கள், நாங்கள் தவறு எங்கே என்று சொல்லுவோம். காசா பணமா, ஒரு திருப்திதான். ஜெர்மன் பேசித் தலைகுனிந்து வந்த நாட்களில், ஒருவனுக்கு ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதைக் காட்டிக்கொடுத்தால் மனசு நிமிர்ந்துகொள்ளும்.

அந்த ஃபோரத்துக்குச் சட்டங்கள் இருந்தன. வீட்டுப்பாடத்துக்கு முழு விடை தராதே. முயன்று பார்த்ததைக் காட்டச் சொல், அதில் தவறைச் சொல். தனி மெயிலில் உதவாதே, எல்லாரும் படிக்கிற மாதிரி பொதுவில் சொல். எனக்கு இதில் முழுச் சம்மதம். நான் படித்த காலேஜில் ரெக்கார்டு நோட்டை ஒருத்தன் எழுதுவான், மொத்த வகுப்பும் அதைப் பார்த்து எழுதும், அவன் செய்த தப்பையும் சேர்த்து. அப்படிப் படித்து வெளியே வந்தவனுக்கு அதன் வலி தெரியும். முழு விடை கொடுப்பது உதவி இல்லை என்று நான் அங்கே பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறேன்.

3

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு கேள்வி வந்தது. மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, கீழ்க்கண்ட புரோகிராமை முழுமையாக அவசரமாக அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், நாளைக்கு லேப் இருக்கிறது என்று முடிந்தது. கீழே கையெழுத்து. ஆர். பூங்கோதை, பி.இ., மதுராந்தகம்.

சுத்தியல்களும் பூனைகளும் திரியும் இடத்தில் இனிஷியலோடு, பட்டத்தோடு, ஊரோடு ஒரு பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஊர் ஞாபகமும். பெயர் என்று எங்கே கேட்டாலும் இப்படி எழுதுகிறவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்தான். ரேஷன் கார்டாக இருந்தாலும் சரி, இன்டர்நெட்டாக இருந்தாலும் சரி. படித்துக்கொண்டிருக்கும்போதே பி.இ. போட்டுக்கொள்வதும் நம்ம வழக்கம்தானே, இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் விடவில்லை. "உன் வீட்டுப்பாடத்தை நீயே செய்" என்று முதல் பதில் சுத்தியலிடமிருந்து. "உன் டீச்சரைப் போய்க் கேள், அவருக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான்" என்று அடுத்தது. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பதை எடுத்துப்போட்டு ஆளாளுக்கு ஒரு கிண்டல். சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கேள்வி கேட்பவருக்கு ஆங்கிலம் மூன்றாவது பாஷையாக இருக்கலாம். உங்களுக்கு எத்தனை பாஷை தெரியும்?" என்று எழுதினேன். பூங்கோதைக்கு அதன் கீழேயே, "நீங்கள் முயன்றவரை இங்கே போடுங்கள் அம்மா, தவறு எங்கே என்று சொல்கிறேன்" என்று எழுதினேன். கரண்ட் போய்விட்டது, பிரவுசிங் சென்டரில் இவ்வளவு நேரம் காத்திருந்தேன் ஐயா என்று ஒரு மன்னிப்போடு பாதி புரோகிராம் வந்தது. பாதியும் தப்பு. ஒவ்வொரு தப்பாகச் சொன்னேன். அன்றைக்கே திருத்திப் போட்டார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஒரு கேள்வி. ஒரு தடவை தனிச் செய்தி அனுப்பினார். "சார், இனிமேல் உங்களுக்குத் தனி மெயிலில் கேட்கலாமா? இங்கே கேட்கச் சங்கடமாக இருக்கிறது." சட்டம் இருக்கிறதே. பொதுவில் கேட்டால்தான் இன்னும் பத்துப் பேருக்குப் பயன்படும் என்று எழுதினேன். இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, சங்கடப்பட ஒன்றுமே இல்லை என்றும் எழுதினேன்.

"சரி சார்" என்று பதில் வந்தது. 

முழுப் பெயரில் எதற்கு எழுதுகிறீர்கள் என்றும் கேட்டேன். "பெயர் என்று கேட்டிருந்தது சார். எழுதினேன்" என்றார்.

4

அவர் கற்றுக்கொண்ட வேகம் எனக்கு ஆச்சரியம். நாலைந்து மாதத்தில் 'முழுமையாக அனுப்பவும்' நின்றுபோனது. 'இந்த இடத்தில் ஏன் இப்படி' என்ற கேள்விகள் வந்தன. அதில் இன்னொன்றும் கவனித்தேன். விடை கிடைத்தால் போதும் என்று அவர் போவதில்லை. "இதையே புரியாத ஒருவருக்கு எப்படிச் சொல்வது சார்?" என்று கேட்பார். மாணவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நான் அப்போது யோசிக்கவே இல்லை.

பிறகு அவரே மற்றவர்களுக்குப் பதில் எழுத ஆரம்பித்தார். எங்களைப் போல வெடுக்கென்று இல்லை. உட்கார வைத்து, கையைப் பிடித்து, ஒவ்வொரு வரியாக. அந்த உயர வரிசை விளக்கம் அப்போது எழுதியதுதான். சுத்தியலே வந்து நன்றாக இருக்கிறது என்று எழுதினான், அந்த ஆள் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. போலந்திலிருந்து ஒரு பையன், "நீங்கள் பெரிய டீச்சர்" என்று எழுதினான். எல்லாருக்கும் நன்றி சொல்லும் பூங்கோதை அதற்கு மட்டும் பதில் போடவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் கேள்வி வருவது நின்றுவிட்டது. பதிலும் வரவில்லை. படிப்பை முடித்திருப்பார், கேளம்பாக்கம் பக்கம் எழும்புகிற கண்ணாடிக் கட்டடங்களில் எதிலாவது வேலை கிடைத்திருக்கும், நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. மதுராந்தகம் என்ற வார்த்தையை அந்தத் திரையில் பார்ப்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

5

நாலு வருஷம் கழித்து ஒரு மெயில். என் முகவரியை ஃபோரத்தில் பிடித்திருக்கிறார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

"சார், நான் பூங்கோதை. ஞாபகம் இருக்கா? ஒரு உதவி வேணும். அந்த ஃபோரத்துல இருக்கற என் பேரை எடுக்க முடியுமா? நான் ஸ்டூடன்ட் இல்ல சார். அப்பவே லெக்சரர்."

நான் அந்த லெக்சரர் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குக் கீழே விவரம் எழுதியிருந்தார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். படித்து முடித்த வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் படுத்துவிட்டன, வேலைக்கு எடுத்தவர்களையே வர வேண்டாம் என்று சொன்ன காலம். மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் வயலுக்கு நடுவில் புதிதாக முளைத்த ஒரு காலேஜில் லெக்சரராகச் சேர்ந்தார். படிப்பு முடித்த மறுமாதமே, தன்னைவிட மூன்று வயது குறைந்த பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். சி புரோகிராமிங் எடுக்க ஆள் இல்லை, நீங்க எடுங்கம்மா என்றுவிட்டார்கள். கேட்டுக்கொள்ளச் சீனியர் என்று ஒருவரும் இல்லை. அவரே அங்கே ஒரு வாரச் சீனியர்.

உன் டீச்சரைப் போய்க் கேள் என்று எத்தனை தடவை எழுதியிருந்தோம்! அவருக்குச் சம்பளம் தருவது அதற்குத்தான் என்று சிரித்தோம். வீட்டுப்பாடத்துக்கு உதவுவது தர்மமா அதர்மமா என்று வருஷக்கணக்கில் மயிர்பிளக்க வாதம் செய்தோம். எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசினோமே தவிர, யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று ஒரு ஆளாவது விசாரித்தோமா? விசாரித்திருந்தால் மட்டும் என்ன? டீச்சர் என்று தெரிந்தால் இன்னும் மோசமாகச் சிரித்திருப்பார்கள். அதுவும் உண்மைதான்.

ஃபோரம் நிர்வாகிக்கு எழுதினேன். பதிவுகளை நீக்குவது எங்கள் கொள்கைக்கு விரோதம், அவை பிறருக்குப் பயன்படுகின்றன என்று இரண்டு வரியில் பதில். மறுபடி எழுதினேன். அதே இரண்டு வரி. வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் பெயரை ஏற்றிக்கொள்ளச் சொல்லி அலைந்தேன், இங்கே ஒரு பெயரை இறக்கச் சொல்லி அலைகிறேன். எங்கேயும் மனுஷர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை.

6

போன வருஷம் ஊருக்குப் போனபோது அவரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருப்பதாக எழுதியிருந்தார். எங்க அண்ணன் ஏழுமலை கேளம்பாக்கத்தில் வேன் வைத்திருக்கிறான், கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மாதான் இருந்தது.

"இன்னாடா, ஃபாரின்லேர்ந்து வந்துகினு ஒரு பொண்ணைத் தேடிகினு போற? சுமதிக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. சும்மா ஓட்டு."

"எனக்கின்னாமோ பேஜாராக் கீதுப்பா. வூட்ல கேட்டா நான் ஒண்ணும் தெரியாதுன்னுடுவேன்."

வழி நெடுக விஷயத்தைச் சொன்னேன். திருப்போரூர் தாண்டும்வரை கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தவன், அப்புறம் ரோட்டையே பார்த்து ஓட்டினான். ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போய்ப் பேசு. நான் இங்கியே கீறேன்" என்றான். அப்புறம் என்ன நினைத்தானோ, அவனும் உள்ளே வந்தான்.

ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்தபோதுதான் கவனித்தேன், பூங்கோதை நல்ல உயரம். என்னைவிட ஒரு பிடி உயரம் இருப்பார். அதனாலோ என்னவோ லேசாகக் கூன் போட்டு நின்றார்.

"வாங்க சார். பாலாறு சார்தானே? இவ்ளோ தூரம் எதுக்கு சார் சிரமம்?"

பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தோம். டீ வந்தது. நான் கேட்காமலே அவர் சொன்னார், ரூமில் ஏசி ஓடவில்லை என்று ஒருவருக்குச் சொல்கிற அதே குரலில்.

"ரெண்டாவது வருஷம் நல்லாத்தான் சார் போய்ட்டிருந்துது. பசங்க என் கிளாஸுக்குத்தான் ஒழுங்கா வருவாங்க. ஒரு அசைன்மென்ட் குடுத்தேன். ஒரு பையன் அந்தக் கேள்வியை அப்படியே இன்டர்நெட்ல போட்டுத் தேடியிருக்கான். முதல்ல வந்தது நான்தான்."

"அவன்..."

"பிரின்ட் எடுத்து லேப் கதவுல ஒட்டிட்டாங்க. என் பேரு, இனிஷியல், மதுராந்தகம், எல்லாம் இருந்துது. அந்த மஞ்சள் மூஞ்சிங்ககூட இருந்துது சார், கறுப்பு வெள்ளையில."

"நீங்க பின்னாடி எழுதினதெல்லாம்?"

"அதெல்லாம் யாரு பிரின்ட் எடுப்பாங்க? முதல் பக்கம்தான் எடுத்தாங்க."

அன்றைக்கு அவருக்கு வகுப்பு இருந்திருக்கிறது. கதவில் ஒட்டியதைப் பார்த்தார், கிழிக்கவில்லை. உள்ளே போய் போர்டில் அன்றைய புரோகிராமை எழுத ஆரம்பித்தார். கையில் பேப்பர் இல்லாமல், முதல் வரியிலிருந்து. வகுப்பில் யாரும் நோட்டைத் திறக்கவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் வந்தது. "மேடம், உங்க ஹோம்வொர்க்கை நீங்களே செய்யுங்க." வகுப்பே சிரித்தது.

"நான் முழுசா எழுதி முடிச்சேன் சார். ஒரு தப்பு இல்ல. வேணும்னா நீங்க செக் பண்ணலாம். முடிச்சுட்டு சாக்பீஸை வெச்சுட்டு வந்துட்டேன். அவ்ளோதான்."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, டீயைக் குடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழுமலை திடீரென்று, "அந்தப் பையனுங்க மட்டும் இன்னா, பார்த்து எழுதத்தானம்மா தேடினானுங்கோ? திருட்டுப் பசங்க!" என்றான்.

"ஆமாம்ணே. ஆனா அவங்க ஸ்டூடன்ட்ஸ். நான் டீச்சர்ல்ல" என்றார் பூங்கோதை.

மறுபடி பாடம் எடுக்கப் போக வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. மூன்று காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். ஓரிடத்தில் இன்டர்வியூ நடத்தியவர் அவர் எதிரிலேயே பெயரைத் தட்டித் தேடினாராம். திரையைத் திருப்பிக் காட்டவில்லை, தன் பக்கமே வைத்துக்கொண்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றாராம். "அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுடுச்சு சார்."

"பூங்கோதை, அதே இடத்துல நீங்க எழுதின பதிலெல்லாம் இருக்கு. உலகம் பூரா நன்றி சொல்லியிருக்காங்க. அதை எடுத்துட்டுப் போய்க் காட்டுங்களேன். இப்படிச் சொல்லிக் குடுக்கற ஆளை நான் இதுவரை பார்த்ததில்ல."

"அதைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுவாங்க சார்."

"எடுக்கணும்னா உங்க பேர் மொத்தமா போயிடும். கேள்வி வேற, பதில் வேறன்னு பிரிக்க முடியாதுன்னு நினைக்கறேன். நீங்க எழுதின நல்லதெல்லாம் யாருதுன்னே தெரியாமப் போயிடும்."

வெளியே கல் செதுக்கும் மெஷின் எங்கேயோ இரைந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சாவி கேட்டு வந்தது. எழுந்து போய், சிரித்த முகமாகச் சாவியைக் கொடுத்து, பீச்சுக்கு வழி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க சார்" என்றார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். அந்த விளக்கத்தில் கடல் எப்படி வந்தது?

"எங்க ஸ்கூல் இங்கதான் சார். பிரேயர்ல கடைசில நின்னா, சவுக்குத் தோப்புக்கு நடுவுல கடல் தெரியும். முன்னாடி நிக்கற யாருக்கும் தெரியாது. நான் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து கடைசிதான்." அப்போது மட்டும் நேராக நிமிர்ந்து நின்றார்.

திரும்பும் வழியில் ஏழுமலை ரொம்ப நேரம் கழித்து, "நல்ல பொண்ணுடா" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7

இங்கே வந்து மூன்றாவது கடிதம் எழுதினேன். ஃபோரம் நடத்துபவர் யார் என்று தேடிப் பிடித்து, இந்த மாதிரி ஒரு பெண்ணின் பிழைப்பு போய்விட்டது என்று விளக்கமாக எழுதினேன். இந்த முறை பதில் எழுதியவர் மனுஷராக இருந்தார். பதிவுகளை நீக்க முடியாது, ஆனால் பெயரை கெஸ்ட் என்று மாற்றித் தருகிறேன், மாற்றினால் அவர் எழுதிய எல்லாவற்றிலும் மாறிவிடும், பிறகு திரும்பக் கொண்டுவர முடியாது, சம்மதமா என்று கேட்டார்.

சம்மதம் என்று எழுதுவதற்கு முன்னால் பூங்கோதை எழுதியது எல்லாவற்றையும் ஒரு தடவை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். 'முழுமையாக அனுப்பிவைக்குமாறு' என்பதிலிருந்து ஆரம்பித்து, தடுமாறி, கேட்டு, திருத்தி, ஒரு நாள் 'இப்படிச் சொல்லிப் பார்க்கட்டுமா?' என்று அவர் முதன்முதலாக அடுத்தவருக்கு எழுதிய இடம்வரை. ஒரு டீச்சர் உண்டாவதை நாள்படி பார்க்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஆர். பூங்கோதை, பி.இ., மதுராந்தகம். மறுநாள் காலையில் பார்த்தபோது எல்லாம் கெஸ்ட்.

இந்த வருஷ ஆரம்பத்தில் மெயில் போட்டிருந்தார். பெயரைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை சார், சுத்தமாக இருக்கிறது, ரொம்ப நன்றி என்று. ஒரு இன்டர்வியூவும் முடிந்திருக்கிறது. அந்த ஆளும் பெயரைத் தட்டித் தேடியிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. "இத்தனை வருஷமா டீச்சிங் லைன்ல என்ன பண்ணினீங்கம்மா? ஏதாவது காட்ட முடியுமா?" என்று கேட்டாராம். பாதியில் விட்டுப் போனவர் என்று பழைய காலேஜ் அனுபவச் சான்றிதழ் தரவில்லை. காட்ட வேறு எதுவும் அவரிடம் இல்லை. வேலை கிடைக்கவில்லை.

"பரவால்ல சார். ஓட்டல்ல சீசன் ஆரம்பிச்சுடுச்சு, நேரம் போறதே தெரியல" என்று முடித்திருந்தார். அந்த மெயிலுக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. உருப்படியாக எதுவும் எழுதியிருக்க மாட்டேன்.

யாழினி அன்றைக்குச் சாயங்காலம் தன் வீட்டுப்பாடத்தைத் தானே செய்து முடித்தாள். பிறகு அந்தப் பக்கத்தின் அடியில் போய் எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டினாள். "அன்புள்ள கெஸ்ட், என் அப்பாகூட இதே வேலைதான் செய்கிறார், ஆனால் எனக்குப் புரியவைத்தது நீங்கள்தான். நீங்கள் டீச்சராக இருந்தால் உங்கள் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்." அவள் எழுதியதற்கு மேலே அதே மாதிரி எத்தனையோ நன்றிகள் வரிசையாக நின்றன. பாதிக்குமேல் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எழுதிய ஆங்கிலம் போலத்தான் இருந்தது. செமஸ்டர் வந்தால் அவர்கள் அங்கே வந்துவிடுகிறார்கள். யார் இந்த கெஸ்ட் என்று அவர்களும் கேட்டிருந்தார்கள்.

"அவங்க படிப்பாங்களாப்பா?" என்று யாழினி கேட்டாள். இதை மட்டும் முழுக்கத் தமிழில் கேட்டாள்.

படிப்பாரா என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் அந்தப் பெயர் விரல் நுனிவரை வந்துவிட்டது, எழுதினால் நாளைக்கு யாரோ தட்டித் தேடுவார்கள், முதலில் இதுதான் வரும். ஆகையால் நீங்கள் இதுவரை படித்த பூங்கோதை அவர் பெயர் இல்லை. இனிஷியலும் வேறு, காலேஜ் இருந்த ஊரும் வேறு. உயரத்தை மட்டும் நான் மாற்றவில்லை.